பாண் விசாரணைக் குழு

யசோதினியின் ஓட்டோ வாவிக்கரை வீதிக்குத் திரும்பும் முன்னமே அதன் பாட்டு ஊருக்குள் வந்துவிடும். நாடு முழுக்கப் பாண் விற்கிற ஓட்டோக்கள் போடுகிற அதே மெட்டுத்தான். அதை யார் செய்தார், எந்த நாட்டுக்காரர், எதற்காகச் செய்தார் என்று ஊரில் ஒருவருக்கும் தெரியாது. பாண் விற்பதற்காகச் செய்திருக்க மாட்டார் என்பது மட்டும் நிச்சயம். ஆனாலும் அது காதில் விழுந்தால், பல் துலக்கிக்கொண்டு நிற்பவர் வாய் கொப்பளிக்காமலே வாசல் கடப்படிக்கு ஓடி வருவார். கோயில் ஐயர்கூட மந்திரத்தைக் கொஞ்சம் வேகமாகச் சொல்லி முடிப்பார்.

ஓட்டோவின் பின்பக்கம் கண்ணாடிப் பெட்டி. மேல்தட்டில் உருண்டையான பணிஸ், முதலை மாதிரி நீண்டு கிடக்கிற கிம்புலா பணிஸ், மீன் வைத்த மாலுபாண். கீழ்த்தட்டில், மாவைப் புளிக்க வைத்து அடுப்பில் சுட்ட பாண், ஒவ்வொன்றும் ஒரு றாத்தல், சுடச்சுட. பெட்டியின் நெற்றியில் ‘யசோ பாண்’ என்று சிவப்பில் எழுதியிருக்கும். அவளே எழுதியது. அதற்கு முன் ஏழு வருஷம் அவள் ஆடைத் தொழிற்சாலையில் சட்டைக் கொலர் தைத்தவள். கொலர் மட்டும். முழுச் சட்டை எப்படி இருக்கும் என்று பார்க்க அங்கே நேரம் விட மாட்டார்கள். கழிப்பறைக்குப் போவதற்கே அனுமதித் துண்டு எழுதி வாங்க வேண்டும். அதிலிருந்து தப்பி வந்து, தன் கையால் திருப்பினால் திரும்புகிற ஒரு வண்டியில் ஏறி உட்கார்ந்த நாளை அவள் தன் பிறந்த நாளைவிடப் பெரிதாக நினைத்திருந்தாள்.

காலையில் அவளுடைய முதல் நிறுத்தம் ஓய்வுபெற்ற பள்ளிக்கூட அதிபர் அழகரத்தினத்தின் வீடு. அவருடைய மனைவி சீதேவி மாமி அரை றாத்தல் வாங்குவா. அது அதிபருக்கல்ல, அவருடைய அண்ணன் கந்தப்போடிக்கு. எண்பத்தேழு வயது, வாயில் ஒரு பல் கிடையாது, சோறு இறங்காது. சூடான பாணைப் பால் விடாத பிளேன் ரீயில் தோய்த்துக் கொடுத்தால் மட்டும் சாப்பிடுவார். கடையில் பாண் உண்டு, ஆனால் அது நேற்றையது. நேற்றைய பாணைக் கிழவர் விரலால் தொட்டுப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவார்.

இப்படி எல்லாம் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்த ஊருக்குள்தான் தமிழ் வந்தது. அதாவது, பிரதேச சபைத் தீர்மானமாக வந்தது.

அந்தச் சபையில் எந்தத் தீர்மானமும் ஏகமனதாக நிறைவேறியதில்லை. வடிகால் வெட்டுவதென்றால் யார் வீட்டு முன்னால் என்று சண்டை. குப்பை அள்ளுவதென்றால் எங்கே கொட்டுவது என்று சண்டை. தெருவிளக்கைப் பற்றிப் பேசிய கூட்டத்தில் ஒரு கதிரைக்குக் கால் போனது. கடைசியில் யாரோ ஒருவர் எழுந்து, இனிமேல் சபை கொடுக்கிற அனுமதிப் பத்திரங்களில் பொருள்களின் பெயர் தூய தமிழில் இருக்க வேண்டும் என்றார். இதற்குக் காசும் தேவையில்லை, வியர்வையும் தேவையில்லை. எல்லாக் கையும் ஒன்றாக உயர்ந்தது.

யசோதினி நடமாடும் வியாபார அனுமதியைப் புதுப்பிக்கப் போனபோது எழுதுவினைஞர் சதீசன் அவளுடைய கோப்பைத் திறந்து, மூடி, மறுபடியும் திறந்தான்.

“உங்கட விண்ணப்பம் நிக்குது அக்கா.”

“ஏன், கடுதாசி ஏதும் குறையுதா?”

“கடுதாசி எல்லாம் சரி. பாண்தான் பிரச்சினை.”

“பாணில என்ன பிரச்சினை? ஆருக்கும் வயித்துல குத்தா?”

“வயித்துல இல்ல அக்கா, சொல்லுல. அது தமிழ்ச் சொல்லா எண்டு உபகுழு முடிவெடுக்கோணுமாம். நீங்களும் கூட்டத்துக்கு வரோணும். விண்ணப்பதாரி.”

மொழித்தூய்மை உபகுழுவின் தலைவர் அழகரத்தினம்தான். கெட்ட மனிதரில்லை. முப்பது வருஷம் பிள்ளைகளுக்கு இலக்கணம் படிப்பித்தவர், பிழை கண்டால் சிவப்புப் பேனை தேடுகிற கை இன்னும் அடங்கவில்லை, அவ்வளவுதான். ஊரில் அவருக்கு இன்னொரு பெரிய மரியாதையும் இருந்தது. எந்தச் செத்த வீடென்றாலும் சாமான் லிஸ்ட் எழுதுவது அவர் கை. பந்தலில் இருந்து கற்பூரம் வரை ஒன்றும் விடுபடாது. முத்து முத்தான எழுத்து. அவர் எழுதினால்தான் பிரேதம் மரியாதையாகப் போகும் என்று ஊரில் ஒரு நம்பிக்கை. மற்ற உறுப்பினர்கள் இரண்டு பேர்: வந்தாறுமூலைப் பல்கலைக்கழகத்தில் விரிவுரையாளராக இருக்கும் வினோஜன், தையற்கடை நடத்தும் சபை உறுப்பினர் றமீஸா.

முதல் கூட்டத்திலேயே அழகரத்தினம் தீர்ப்பைக் கையோடு கொண்டுவந்திருந்தார். “பாண் அந்நியச் சொல். வெதுப்பி எண்டு எழுதுவம். வெதுப்பிச் செய்யிறதால வெதுப்பி.”

“சேர், அதை மைக்கில சொன்னா ஆராவது வருவாங்களா?” என்று யசோதினி கேட்டாள்.

“சொல்லச் சொல்ல வருவாங்க, புள்ள. ஒரு கிழமை பரீட்சார்த்தமாச் சொல்லிப் பாரு.”

அவள் சொல்லிப் பார்த்தாள். பாட்டை நிறுத்தி, “வெதுப்பி, வெதுப்பி, சுடச்சுட வெதுப்பி” என்று வாவிக்கரை முழுக்கக் கூவினாள். முதலாவது குறுக்கு வீதியில் டெங்கு நுளம்புக்குப் புகை அடிக்க வருகிறார்களென்று யன்னல்களைச் சாத்தினார்கள். இரண்டாவது வீதியில் ஒரு மனிசி மடிக்காத உடுப்பைக் கூடையோடு தூக்கி வந்து, அயன் பண்ண ஒரு சட்டைக்கு எவ்வளவு என்று கேட்டா. மூன்றாவது வீதியில் ஒரு கிழவர் சுளுக்கிய காலை நீட்டிக்கொண்டு ஒத்தடத்துக்கு வாசலில் காத்திருந்தார். கந்தப்போடியோ உள்ளேயிருந்து, “என்னத்தையோ விக்கிறாளுகள். பாண்காரப் புள்ள இன்னும் வரல்லியா?” என்று கேட்டுக்கொண்டே இருந்தார். ஒரு கிழமையில் மிஞ்சிய பாணை யசோதினி மாட்டுக்குப் போட்டாள். மாடு பெயர் கேட்காமல் தின்றது.

பரீட்சார்த்தம் தோற்றதும் வினோஜன் கையில் விஷயம் போனது. அதுவரை அவர் வாய் திறக்கவில்லை. படித்தவர், மெதுவாகத்தான் தொடங்குவார். தொடங்கினால் நிற்க மாட்டார்.

“பாண் எண்டது சுத்தமான பழந்தமிழ்ச் சொல்,” என்றார். “பாண் எண்டா பாட்டு. பாணர் எண்டா பாடுறவங்க. யாழ்ப்பாணம் எண்ட பேருக்குள்ளயே அதுதானே இருக்கு.”

அழகரத்தினத்தின் முகம் முதலில் மலர்ந்தது, பிறகு, கிழக்குப் பக்கத்து மனிதர் அல்லவா, சுருங்கியது. “அப்ப அது யாழ்ப்பாணத்து ஆக்கள்ட சொல்லா?”

“இல்ல சேர், பொது. வடிவா யோசிச்சுப் பாருங்க. பாணர் ஊர் ஊராப் பாடிக்கொண்டு போவாங்க. யசோதினியும் ஊர் ஊராப் பாட்டுப் போட்டுக்கொண்டுதான் போறா. ரெண்டாயிரம் வருஷமா அறாத மரபு இது!”

அறாத மரபு என்று தன்னைக் காட்டியதும் யசோதினி சீலைத் தலைப்பை இழுத்துவிட்டுக் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தாள். அனுமதி கிடைத்தால் எந்த மரபாக இருக்கவும் அவள் தயார்.

“அதோட இந்த மாலுபாண். சிங்களத்தில மாலு எண்டா மீன். மீனும் பாட்டும்! எங்கட வாவியில மீன் பாடுறதெண்டு உலகமே சொல்லுது. அந்த வரலாறு ஒரு பணிசுக்குள்ள மறைஞ்சு கிடக்கு, சேர்.”

“எங்கட வீட்டுல பான் எண்டா முட்டை பொரிக்கிற சட்டி,” என்றார் றமீஸா. “பாணுக்குள்ள மொழி இல்ல சேர். மாவும் ஈஸ்ட்டும் உப்பும்தான் இரிக்கி. இந்தப் புள்ளக்கு அனுமதியக் குடுத்து அனுப்புங்க.”

உறுப்பினர் தலைப்புக்கு வெளியே பேசினார் என்று சதீசன் கூட்டக்குறிப்பில் பதிந்தான்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு கூட்டத்துக்கும் பாண் ஒவ்வொரு நாட்டுக்குப் போய் வந்தது. இந்தியில் அது வெற்றிலையாம். கிரேக்கத்தில் ஆட்டுக்கால் வைத்த ஒரு சாமியாம், குழல் ஊதுமாம். “பாருங்க, அங்கயும் பாட்டு!” என்று வினோஜன் மேசையில் தட்டினார். பிரெஞ்சுக்காரன் ஏறக்குறைய பேன் என்கிற மாதிரிச் சொல்லுவானாம். அதைக் கேட்டதும் சதீசன் தலையைச் சொறிந்தான். நீர் வழங்கல் வேலைக்கு வந்து விருந்தினர் விடுதியில் தங்கியிருந்த யப்பான் பொறியியலாளர் ஒருவரை வினோஜன் மடக்கி, காலையில் என்ன சாப்பிட்டீர் என்று கேட்க, அவரும் பாவம், “பான்” என்று உண்மையைச் சொல்லிவிட்டார். எங்களுக்குப் போலவே யப்பானியருக்கும் அந்தச் சொல்லைக் கொடுத்தவர்கள் போர்த்துக்கீசர்தான் என்று புத்தகங்களில் இருக்கிறது. வினோஜன் அந்தப் பக்கத்தைப் புரட்டவில்லை. “யப்பான் எண்ட பேரிலயே பான் இருக்கு, சேர்,” என்றார். தமிழர் யப்பானுக்குப் பாண் கொண்டுபோனதற்கு மேலும் சான்று தேவை என்று அன்றைய குறிப்பு முடிந்தது.

பாண் எங்கிருந்து வந்தது என்று அறிய, அதைச் சுடுகிற ஆளையே கூப்பிடுவோம் என்று ஒரு நாள் அழகரத்தினத்துக்குத் தோன்றியது. யசோதினிக்குப் பாண் கொடுக்கிற ஹியூபர்ட் நகரத்தில் பேக்கரி வைத்திருக்கும், போர்த்துக்கீசர் வழிவந்த பறங்கியர். வெள்ளைச் சட்டை போட்டு, தலையை நனைத்து வாரி, ஞாயிறு பூசைக்குப் போகிற மாதிரி வந்தார்.

“உங்கட முன்னோர் ஐந்நூறு வருஷத்துக்கு முந்திப் போர்த்துக்கலில இருந்து பாண் கொண்டு வந்தவங்களாம். உண்மையா?” என்று அழகரத்தினம் கேட்டார். ஹியூபர்ட்தான் அதை நேரில் நின்று கப்பலில் இருந்து இறக்கியவர் மாதிரி இருந்தது கேட்ட விதம்.

“எங்கட ஆக்கள் கொண்டு வந்தது உளியும் வாச்சியும் சேர். என்ட தாத்தா தச்சு வேலை. அப்பா மோட்டார் திருத்துறவர். பேக்கரி, ஊரை விட்டுப் போன ஒரு சிங்கள முதலாளியிட்ட வாங்கினது. எனக்குப் பாண் போடப் பழக்கினது அங்க வேலை செஞ்ச கதிரவெளி ஆள் ஒருவர்.”

“வீட்டுல பெரியவங்க பேசின பாஷையில பாணுக்கு என்ன சொல்லுவீங்க?”

“அதேதான் சேர். கொஞ்சம் மூக்கால சொல்லோணும்.”

“மூக்கொலி!” என்று வினோஜன் எழுந்துவிட்டார். “எங்கட ‘ண்’ணும் மூக்கொலிதானே!”

ஹியூபர்ட் யசோதினியைப் பார்த்தார். யசோதினி நிலத்தைப் பார்த்தாள். வெளியே வந்ததும் அவர், “புள்ள, நான் ஏதும் பிழையாச் சொல்லிட்டனா? உண்மையச் சொல்லுற எண்டுதானே வந்த,” என்று கவலைப்பட்டார். மனிதர் ஒருவருக்கும் கெடுதல் நினைத்து அறியாதவர்.

ஆனால் கூட்டக்குறிப்பு வேறு மாதிரிப் பேசியது. பேக்கரி உரிமையாளரின் வாக்குமூலத்தால் சொல்லின் பூர்வீகம் சந்தேகத்துக்கு இடமாகிவிட்டதால், குழு முடிவு எடுக்கும் வரை ‘யசோ பாண்’ ஓட்டோ சபை எல்லைக்குள் ஓடக்கூடாது. மீறினால் ஓட்டோவைப் பிடித்து வைப்பார்கள். பழைய அனுமதியும் அந்த மாதத்தோடு முடிந்துவிட்டது.

சபையின் எல்லை வாவிப் பாலத்தோடு முடிகிறது. பாலத்துக்கு அந்தப் பக்கம் நகரம். அங்கே பாணுக்கு யாரும் சாதகம் பார்ப்பதில்லை. யசோதினி ஓட்டோவைப் பாலத்தின் அந்தக் கரையில் நிறுத்திப் பாட்டைப் போட்டாள். காற்றுத் தண்ணீருக்கு மேலால் மெட்டைத் தூக்கி இந்தக் கரைக்குக் கொண்டுவந்தது. ஊர் பாலத்தால் நடந்து போய் வெளிநாட்டுப் பொருள் வாங்குகிற மாதிரிப் பாண் வாங்கி, ஒளித்துக்கொண்டு திரும்பி வந்தது. வந்தாறுமூலைக்குப் போகும் வழியில் வினோஜனும் மோட்டார் சைக்கிளை நிறுத்தி இரண்டு மாலுபாண் வாங்குவார். “ஆய்வுக்கு,” என்பார், வாயில் மிளகுத்தூளோடு.

பாலத்தால் நடக்க முடியாதவர்கள்தான் விடுபட்டார்கள். வியாபாரம் பாதிக்குக் கீழே இறங்கியது. தொழிற்சாலைக்காரர், பழைய இடம் காலி, வருவதென்றால் அறிவியுங்கள் என்று ஒரு படிவம் அனுப்பியிருந்தார்கள். யசோதினி அதைக் கிழிக்கவுமில்லை, நிரப்பவுமில்லை. கைப்பைக்குள் வைத்துக்கொண்டு திரிந்தாள்.

ஒரு நாள் சீதேவி மாமி தொலைபேசியில் வந்தா.

“புள்ள, பெரியவர் உன்னத்தான் தேடுறாரு. கடைப் பாணைத் தள்ளி வைக்கிறாரு. இடியப்பத்தைக் கரைச்சுக் குடுத்தன், துப்புறாரு. எனக்கும் முழங்கால், பாலத்துக்கு நடக்க ஏலா.”

“சேரை அனுப்புங்களன் மாமி.”

“சொன்னன்தான். ‘நான் குழுத் தலைவர், அங்க போய் வரிசையில நிண்டா என்ன கதைப்பாங்க’ எண்டு கேக்காரு. அவர்ட தலைமைய நான் என்னத்துல தோய்ச்சுக் குடுக்கிற?”

“நான் நடந்து கொண்டு வந்து தாறன் மாமி.”

சொன்னாள்தான். ஆனால் அடுத்த நாள் சீக்கிரம் பாண் முடிந்துவிட்டது. அதற்கடுத்த நாள் மழை. அதற்கடுத்த நாள் ஓட்டோவுக்கு ரயர் போனது. அரை றாத்தல்தானே, நாளைக்குக் கொடுப்போம் என்று நாள் போயிற்று. இதை நினைத்தால் யசோதினிக்கு இப்போதும் தன் மேலேயே கோபம் வரும்.

வெள்ளிக்கிழமை காலையில் மாமி மறுபடியும் எடுத்தா. “புள்ள, பெரியவர் போயிட்டாரு,” என்று மட்டும் சொன்னா. பாண் என்று ஒரு சொல் சொல்லவில்லை.

செத்த வீட்டில் பிரேதம் எடுக்கும் வரை அடுப்பு மூட்டுவதில்லை. வருகிற சனத்துக்கு அயல் வீடுகளில் இருந்து பிளேன் ரீயும் சம்பலும் வரும், எங்கிருந்தாவது பாண் வரும். இது யாரும் சொல்லி நடப்பதில்லை. யசோதினி ஹியூபர்ட்டிடம் போய், பெட்டியிலும் முன் இருக்கையிலும் கொள்ளக்கூடிய அளவு பாணை ஏற்றினாள். ஹியூபர்ட் ஏன் என்று கேட்கவில்லை, கடைசித் தட்டையும் தூக்கி வைத்தார். பாலத்தில் ஏறும்போது அனுமதி, எல்லை, பிடித்து வைப்பது ஒன்றும் அவள் நினைவில் வரவில்லை. நினைவு வந்தபோது ஓட்டோ இந்தக் கரையில் நின்றது. வீதியோரம் வெள்ளைக் கொடி தெரிந்ததும் பாட்டை நிறுத்தினாள். செத்த வீட்டுத் தெருவில் பாண்காரர் எவரும் பாட்டுப் போட மாட்டார்கள்.

ஓட்டோவைப் பிடிக்க வேண்டிய வருமானப் பரிசோதகர் பந்தல்காலைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவளைக் கண்டதும், “அந்தப் பக்கத்தால கிறுக்கித் திருப்பி விடு புள்ள, இறக்க லேசா இருக்கும்,” என்று வழி காட்டினார்.

சனம் நிறையச் சனம். கந்தப்போடி நல்லாய் வாழ்ந்த போடியார், பெரிய வயல்காரர். அவருடைய வட்டையில் நெல் வெட்டியவர்கள் எல்லாம் வந்திருந்தார்கள். பந்தலுக்குள் எந்த நீள வாங்கில் இருந்தவர்களைப் பார்த்தாலும் கையில் ஒரு துண்டுப் பாணும் சம்பலும். “பாண் இந்தப் பக்கம்,” “இஞ்சயும் பாண் கொண்டாங்க,” என்று நாலு பக்கமும் குரல். மூன்று மாதம் நாடு நாடாக அலைந்த சொல்லை அங்கே ஒருவரும் எந்த நாட்டுக்காரன் என்று கேட்கவில்லை. வினோஜன் மட்டும் பக்கத்தில் இருந்தவரிடம், வாய்க்கரிசிக்கும் பாணர் மரபுக்கும் ஏதோ தொடர்பு இருப்பதாகச் சொல்லத் தொடங்கினார். பக்கத்தில் இருந்தவர் இன்னொரு பிளேன் ரீ எடுக்க எழுந்து போய்விட்டார்.

அழகரத்தினம் விறாந்தையில் மேசைக்கு முன்னால் இருந்தார். லிஸ்ட் எழுதிக்கொண்டிருந்தார். வேறு யாராவது எழுதட்டும் என்று சொல்லிப் பார்த்தார்களாம். கொப்பித் தாளைக் கையில் இருந்து விடவில்லையாம். யாரோ அவர் பக்கத்தில் ஒரு கோப்பை பிளேன் ரீயும் ஒரு துண்டுப் பாணும் வைத்துவிட்டுப் போனார்கள். அவர் எழுத்தை நிறுத்தாமலே இடக்கையால் பாணை எடுத்துத் தேத்தண்ணியில் தோய்த்தார். வாய்க்குக் கொண்டுபோகும் வழியில் கை நின்றுவிட்டது. அவர் பாணைத் தோய்த்துச் சாப்பிடுகிற ஆள் அல்ல. அது இன்னொருவருடைய பழக்கம். ஊறிய துண்டு பிய்ந்து மேசையில் விழுந்தது. முப்பது வருஷம் ஊருக்குப் பாடம் சொன்ன மனிதர் எல்லோரும் பார்க்கச் சிறு பிள்ளை மாதிரி அழுதார். யசோதினிக்கு அவர் மேல் மூன்று மாதமாக இருந்த ஆத்திரம் எங்கே போனதென்று தெரியவில்லை. அவளும் அழுதாள்.

பிறகு அவர் முகத்தைத் துடைத்து, தாளை மடித்து, அவளைக் கூப்பிட்டார். “நீ தவுணுக்குத்தானே போறாய் புள்ள. இதைக் கடையில குடுத்து எடுத்துக்கொண்டு வா.”

பாலத்தில் ஒரு லொறிக்கு வழி விட்டு நின்றபோது அவள் லிஸ்ட்டைப் பார்த்தாள். வெள்ளைத் துணி, கற்பூரம், தேங்காய், சீனி பத்துக் கிலோ, தேயிலை, துவாய் இரண்டு, கோப்பை இருநூறு, கதிரை நூறு, வாங்கு பத்து. எல்லாம் முத்து முத்தாக. மூன்று மாதம் கூட்டத்தில் இருந்ததில் அவளும் பாதிப் பேராசிரியர் ஆகியிருந்தாள். துவாய், கோப்பை, கதிரை, வாங்கு என்று இதில் எத்தனை சொல் பாணைப் போலக் கடல் தாண்டி வந்தவை என்று விரல் மடிக்காமல் சொல்லுவாள். கடைசி வரியில், மற்றதைவிடக் கொஞ்சம் பெரிதாக, அடியில் கோடும் போட்டு எழுதியிருந்தது: ‘பாண் – 150 றாத்தல். சூடாக இருக்க வேண்டும்.’

சாமான் எல்லாம் எடுத்துக் கொடுத்த பிறகு அந்தத் தாள் ஓட்டோவின் முன்தட்டிலேயே கிடந்துவிட்டது.

முப்பத்தோராம் நாள் காரியம் முடிந்து அடுத்த கிழமை, இறுதிக் கூட்டம். யசோதினி பேக்கரியில் பாண் ஏற்றிய கையோடு, பாட்டுப் போடாமல் ஓட்டோவிலேயே வந்திருந்தாள்; செத்த வீட்டுக்குப் பிறகு அதைப் பிடிக்க யாருக்கும் கை வரவில்லை. வினோஜன் அறிக்கையைக் கொண்டுவந்து வைத்தார், நாற்பத்தெட்டுப் பக்கம். சொல்லின் பூர்வீகம் பற்றித் திட்டவட்டமாக எதுவும் கூற முடியவில்லை. மேலும் இரண்டு வருட ஆய்வு தேவை. யப்பானுக்கு ஒரு கள ஆய்வுப் பயணமும் பயனுள்ளது. அதுவரை அனுமதி நிறுத்தி வைக்கப்பட வேண்டும்.

“ரெண்டு வருஷமா?” என்றார் றமீஸா. “அதுவரைக்கும் இந்தப் புள்ள காத்தையா விக்கிற?”

யசோதினி கைப்பையைத் திறந்தாள். தொழிற்சாலைப் படிவம் மேலே இருந்தது. திங்கட்கிழமை வாறன் என்று எழுதி ஒரு கையெழுத்து வைத்தால் போதும். மறுபடியும் கொலர், மறுபடியும் துண்டு எழுதிக் கழிப்பறை.

“விண்ணப்பதாரி தன்ட பக்கத்துக்கு ஏதும் எழுத்து மூல ஆதாரம் வச்சிருந்தா இப்ப காட்டலாம்,” என்றார் வினோஜன். நல்ல மனதோடுதான் சொன்னார். “இந்தப் பிரதேசத்தில, தமிழ் நல்லாத் தெரிஞ்ச ஒருவர், தன்ட கையால, இயல்பா எழுதினதா இருக்கோணும். அப்பிடி ஒண்டு இருந்தா வேற கதை.”

“என்னட்ட அப்பிடி என்ன இருக்கும்...” என்று தொடங்கியவள் நிறுத்தினாள். எழுந்து வெளியே போனாள். முன்தட்டில் இருந்த தாளை எடுத்தாள். கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் ஓட்டோவுக்குப் பக்கத்தில் நின்றாள். இது செத்த வீட்டுத் தாள். இதைக் கூட்டத்தில் காட்டுவது சரியா என்று அவளுக்கே தெரியவில்லை. கைப்பையில் இருந்த படிவம் கனத்தது. உள்ளே வந்து, வினோஜனிடம் கொடுக்காமல், அழகரத்தினத்துக்கு முன்னால் மடிப்போடு வைத்தாள்.

“சேர், இது உங்களிட்டக் குடுக்கோணும் எண்டு வச்சிருந்த. நீங்க வேணுமெண்டா வாசிங்க. இல்லாட்டி மடிச்சு வையுங்க.”

அழகரத்தினம் பிரித்தார். அவர் மேலிருந்து கீழே ஒவ்வொரு வரியாக வாசித்தார். வெள்ளைத் துணி, கற்பூரம், தேங்காய். கதிரையில் ஒரு தரம் கண் நின்றது. வாங்கில் இன்னொரு தரம். கடைசி வரிக்கு வந்து அங்கேயே இருந்தார். அவருடைய சட்டைப் பையில் சிவப்புப் பேனை இருந்தது. கை அதைத் தேடிப் போகவில்லை.

“இது ஆர்ட எழுத்து, சேர்?” என்று வினோஜன் எட்டிப் பார்த்தார்.

“பிழையில்லாம எழுதுற ஒருவன்ட எழுத்து,” என்றார் அழகரத்தினம். “ஒரு சாமான் விடுபடல்ல. குடுக்க வேண்டிய நேரத்தில குடுக்காம விட்டதுதான் பிழை.”

நாற்பத்தெட்டுப் பக்கத்தையும் ஒரு பக்கமாக நகர்த்தினார். அனுமதிப் பத்திரத்தைச் சதீசனிடம் வாங்கி, பொருள் என்ற இடத்தில் முத்து முத்தாக ஒரு சொல் எழுதி, கையெழுத்து வைத்து, முத்திரையைத் தானே குத்தினார். லிஸ்ட்டை நாலாக மடித்துச் சட்டைப் பையில், பேனைக்குப் பின்னால் வைத்துக்கொண்டார். உபகுழு கலைக்கப்பட்டதா என்று சதீசன் கேட்டான். “அடுத்த கூட்டத்தில வாங்கு எண்ட சொல்லைப் பாக்கலாம்,” என்றார் வினோஜன், வாங்கில் நன்றாகச் சாய்ந்திருந்துகொண்டு. றமீஸா எழுந்து போய்விட்டார்.

யசோதினி வெளியே வந்து தொழிற்சாலைப் படிவத்தைக் கிழித்து வடிகாலில் போட எட்டிப் பார்த்தாள். வடிகால் இல்லை, அது இன்னும் தீர்மானமாகவில்லை. துண்டுகளைக் கைப்பைக்குள் திணித்து, ஓட்டோவை முடுக்கி, பாட்டைப் போட்டாள். பல கிழமைக்குப் பிறகு மெட்டு இந்தக் கரையில் இருந்தே கேட்டது. தபால்கந்தோர்ப் பக்கமிருந்து இரண்டு பேர் ஓடி வந்தார்கள்.

அவர்களுக்கு முன்னால் சபை வாசலில் இருந்து இறங்கி வந்தவர் அழகரத்தினம். பழக்கப்பட்ட பாட்டு. கையை நீட்டினார்.

“அண்ணனுக்கு அரை றாத்தல் பாண் தா புள்ள.”

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவருக்கே கேட்டது. நீட்டிய கையை அவர் மடக்கவில்லை. யசோதினி கீழ்த்தட்டில் கையை விட்டு ஆகச் சூடானதைத் தேடி எடுத்து, பாதியாக வெட்டி, சூடு ஆறாமல் பேப்பரில் சுற்றிக் கொடுத்தாள்.